ஏரியில் வழுக்கி விழுந்தவரின் வயது

விசாரணைக் குழு கூடுவதற்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. விதைக்காரர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவர் மடியிலேயே வைத்துவிடலாமா என்று சின்னவன் யோசித்தான்.

சின்னவன் என்பது வீட்டில் வைத்த பெயர். வயது முப்பத்தேழாகி உச்சந்தலை பளபளத்த பிறகும் அது மாறவில்லை. அண்ணன் டயர் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்ற, இவன் அண்ணி நடத்தும் துப்பறியும் ஆபீஸில் உதவியாளன். அண்ணி பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்து கிளெய்ம்களை ஆராய்ந்தவள். தானாக எரிந்த கடை எது, எரிய வைத்த கடை எது என்று சாம்பலைப் பார்த்தே சொல்லுவாள். கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்தது, கம்பெனி அதிகாரியின் மைத்துனர் கடை எரியும்வரை. அதற்குப் பிறகுதான் இந்த மாடி அறை. கீழே பல் டாக்டரின் கிளினிக். கேஸ் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் அங்கே நுழைந்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மேலே வருவார்கள்.

விதைக்காரர் அப்படித் தடுமாறாமல் நேராக மேலே வந்திருந்தார். ஆராய்ச்சிக் கழகத்தில் பழங்கால விதைகளை ஆராயும் மூத்த விஞ்ஞானி. கசங்காத சட்டை, கசங்காத முகம். ஊருக்கு வெளியே வற்றிப்போன ஏரியில், காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போனதில் பழங்கால மனிதர் ஒருவரின் காலடித்தடங்கள் வெளியே வந்த கதையைச் சொன்னார். பேப்பரில் வந்ததுதான். ஒருவர் ஈரச் சேற்றில் நடந்திருக்கிறார். நடுவில் ஓரிடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். கை ஊன்றிய பள்ளம்கூட இருக்கிறது.

சின்னவனுக்கு அந்த ஆளின் மேல் பரிதாபம் வந்தது. விழுந்து, எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று தட்டிவிட்டுக்கொண்டு போயிருப்பார். இப்போது அதற்குக் கண்ணாடி மண்டபம் கட்டுகிறார்கள்.

"காலடித்தடம்னா வெறும் பள்ளம்தானே சார். பள்ளத்துக்கு வயசு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அதுதான் சரியான கேள்வி என்று விதைக்காரர் முகம் மலர்ந்தார். பள்ளத்தைக் கேட்டால் பதில் வராது. பள்ளத்துக்குக் கீழே இருக்கிற அடுக்கையும், மேலே வந்து மூடிய அடுக்கையும் கேட்க வேண்டும். கீழ் அடுக்கு, தனக்குப் பிறகுதான் அவர் நடந்தார் என்று சொல்லும். மேல் அடுக்கு, தான் வருவதற்குள் அவர் போய்விட்டார் என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஆளைப் பிடித்துவிடலாம். அடுக்குகளில் அவருக்குக் கிடைத்தது ஒரு நீர்ச்செடியின் விதைகள். உயிரோடு இருக்கும்வரை செடி கரியை, அதாவது கார்பனை, சேர்த்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு அதில் ஒரு வகைக் கரி மட்டும் சீராகக் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால் வயது. அளந்தார். இருபத்து மூவாயிரம் வருஷம்.

கழகத்தின் இயக்குநர் அன்று மாலையே அந்த வயதைப் பொறித்துப் பித்தளையில் பலகை செய்யச் சொல்லிவிட்டார். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம்.

பலகை வந்து இறங்கிய வாரம், அதே அடுக்குகளின் மணலை ஆராய்ந்த இன்னொரு விஞ்ஞானியின் முடிவும் வந்தது. பதினைந்தாயிரம் வருஷம். அந்த விஞ்ஞானி விதைக்காரரின் மனைவி.

"ஒரே வீட்டுக்குள்ள எட்டாயிரம் வருஷ வித்தியாசம்" என்றான் சின்னவன். "சாப்பாட்டு மேஜையில எப்படி சார் சமாளிக்கிறீங்க?"

ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை என்று சொல்லி, விதைக்காரர் வந்த விஷயத்துக்கு வந்தார். வயது பார்க்கிற மணலில் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் அது இளமையாகிவிடும். விதைக்காரரின் மனைவி வெளிச்சம் பட்ட மணலை ஆராய்ந்து கழகத்தின் மானத்தை வாங்கிவிட்டார் என்று இயக்குநர் விசாரணைக் குழு போட்டிருக்கிறார். நாளை காலை கூடுகிறது. குழு ஆமாம் என்றால் வேலை போகும். அதோடு நிற்காது. இதுவரை அவர் வயது சொன்ன அத்தனை மணலும் சந்தேகத்துக்குரியது என்று வாபஸ் வாங்கப்படும். பதினான்கு வருஷ உழைப்பு.

"அவங்க கவனக்குறைவான ஆள் இல்ல" என்றார் விதைக்காரர். "மணல் இருந்த குழாயை யாரோ திறந்திருக்காங்க. ஜீப் டிரைவரா இருக்கலாம். வெளிச்சத்தை உள்ள விட்டது யாருன்னு நீங்க கண்டுபிடிச்சிட்டா அவங்க வேலை தப்பிச்சிடும்."

அதுவரை பேசாதிருந்த அண்ணி கேட்டாள். "பலகை?"

"பலகை சரியாத்தான் இருக்கு."

அவர் இறங்கிப் போனதும் சின்னவன் பெருமூச்சு விட்டான். "பொண்டாட்டிக்காகத் துப்பறியச் சொல்லி வர்ற புருஷனை இன்னைக்குத்தான் அண்ணி பார்க்கறேன். வழக்கமா பொண்டாட்டியைத் துப்பறியச் சொல்லித்தான் வருவாங்க."

அண்ணி செருப்பை மாட்டினாள்.

*

ஜீப் டிரைவர் கழகத்தின் பின்பக்கம் ஒரு டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழாய் என்றதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அதன் பக்கத்திலேயே தான் போகவில்லை என்றார். இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் மூடி, மூடிக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கறுப்பு டேப். உள்ளே வெடிக்கிற சாமான் ஏதோ இருப்பதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா அதைப் பிறந்த குழந்தையை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். வழி நெடுக மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று சொன்னார்களாம்.

"வெறும் மணல்தான் அண்ணே" என்றான் சின்னவன்.

டிரைவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். ஏமாற்றமாக இருந்தது அவருக்கு.

*

மணல்காரியின் ஆய்வறை முழு இருட்டு. மூலையில் ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் இருக்கிறேன் என்று சொல்ல மட்டும். சின்னவன் முதல் அடியில் ஒரு ஸ்டூலையும் இரண்டாவது அடியில் அண்ணியையும் இடித்தான். மூன்றாவது அடி வைக்காமல் நின்றான்.

"உங்க வீட்டுக்காரர்தான் அனுப்பினார்" என்றாள் அண்ணி.

இருட்டில் மணல்காரியின் முகம் தெரியவில்லை. கொஞ்சம் தாமதித்து, உட்காருங்கள் என்ற குரல் மட்டும் வந்தது. ஸ்டூல் எங்கே என்று சின்னவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

மணல்காரி அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டதற்கு மட்டும் சொன்னார். மணல் வெயிலில் கிடக்கும்வரை காலிப் பாத்திரம். புதைந்து இருட்டுக்குள் போனதும், சுற்றியிருக்கிற மண்ணிலிருந்து வரும் கதிர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்க்க ஆரம்பிக்கும். ஆய்வறையில் அதன் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், சேர்த்து வைத்த அத்தனையையும் ஒரு சின்ன மினுக்கலாகக் கொட்டிவிடும். மினுக்கலை அளந்தால், கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று தெரிந்துவிடும்.

"எங்க அண்ணன் மாதிரி" என்றான் சின்னவன். "வருஷக்கணக்கா உள்ளயே வச்சிருந்து ஒரே நாள்ல கொட்டுவாரு."

அண்ணி இருட்டிலும் குறி தவறாமல் அவன் காலை மிதித்தாள்.

"சரி, யாரோ குழாயைத் திறந்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். உங்க மணல் எப்படி மாறியிருக்கும்?"

முனையில் இருக்கும் மணல் கெட்டிருக்கும் என்றார் மணல்காரி. அதனால்தான் இரண்டு முனையையும் எப்போதும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடுப்பார்கள். அதையும் தாண்டி வெளிச்சம் போயிருந்தால், எல்லா மணலிலும் ஒரே அளவா படும்? ஒன்று மொத்தமாகக் காலியாகும். ஒன்று பாதி காலியாகும். ஒன்று அடியில் ஒளிந்து தப்பிக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது சொல்லும்.

"உங்க மணல்?"

"எல்லாம் பதினைஞ்சாயிரத்தைச் சுத்தித்தான். ஒண்ணுகூட விலகல."

"பேசி வச்சுக்கிட்டு ஒரே மாதிரி சொல்ற சாட்சிகளை நான் நிறைய பார்த்திருக்கேன்."

"மணல் பேசி வச்சுக்காதுங்க."

அந்தப் பதில் அண்ணிக்குப் பிடித்திருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட சத்தத்திலேயே சின்னவனுக்கு அது புரிந்தது. இதை ஏன் இயக்குநரிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னாராம். பலகையின் மேல் பூச்சு காய்ந்துவிட்டது என்று இயக்குநர் பதில் சொன்னாராம்.

"அப்ப வெளிச்சம் வரல. மணல் சரி. விதை தப்பா?"

விதை தன் துறை இல்லை என்று முதலில் சொன்னார் மணல்காரி. பிறகு, ஒரு பேச்சுக்குச் சொல்வதாகச் சொன்னார். தரையில் வளர்கிற செடி காற்றிலிருந்து கரி எடுக்கும். தண்ணீருக்குள் வளர்கிற செடி தண்ணீரிலிருந்து எடுக்கும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வந்திருந்தால், பாறையின் ஆதிகாலத்துக் கரி அதில் கரைந்திருக்கும். செடி அதையும் சேர்த்துக் குடித்துவிடும். அப்புறம் அது நேற்று முளைத்திருந்தாலும் கருவி அதைக் கிழவி என்றுதான் சொல்லும்.

"பொறக்கும்போதே வயசாயிடுது" என்றான் சின்னவன், தலையைத் தடவிக்கொண்டே. "எனக்கு அந்தச் செடியோட கஷ்டம் புரியுது."

"இதை அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"கேட்டேன். அந்த ஏரியில வளர்ந்த செடி ஒண்ணு கிடைச்சா அதோட வயசைப் பார்த்துடலாம். சும்மா நேத்துப் பறிச்ச செடிக்கு ஆயிரக்கணக்குல வயசு வந்தா, விதைக்கும் அதே அளவு கழிக்கணும். ஆனா ஏரி வத்திப்போச்சு, செடிக்கு எங்க போறதுன்னார். அதோட விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

"சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே போகணும்."

ஏரி எப்போது வற்றியது என்றாள் அண்ணி. தன் அப்பா காலத்தில் என்றார் மணல்காரி.

"அதுக்கு முன்னாடி யாராவது பறிச்சிருக்க மாட்டாங்களா? பறிச்சு, காய வச்சு, எங்கயாவது பத்திரமா?"

இருட்டில் எங்கோ ஒரு கண்ணாடித் தட்டு மெல்ல மேஜையில் வைக்கப்பட்டது.

"மூணாவது மாடி" என்றார் மணல்காரி. "செடி அலமாரி."

*

மூன்றாவது மாடி முழுவதும் அந்துருண்டை வாசனை. உயரமான இரும்பு அலமாரிகள், அவற்றுக்குள் தாளில் ஒட்டிக் காய வைத்த செடிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு அம்மாள். அலமாரிகளின் பொறுப்பாளர். செடிகளைத் தொடுவதற்கு முன் கை கழுவச் சொன்னார். சின்னவனை மட்டும் இரண்டு தடவை கழுவச் சொன்னார்.

அந்த ஏரியின் நீர்ச்செடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எண்பது வருஷத்துக்கும் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் இறங்கிப் பறித்தது. தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது. செடி மூங்கில் நிறத்தில் சப்பையாக, தன் வேலையை முடித்துவிட்ட நிம்மதியில் படுத்திருந்தது. அகலமான இலைகளில் ஒன்றில் நுனி இல்லை.

"பூச்சி" என்றான் சின்னவன்.

"பூச்சி ஸ்கேல் வச்சு வெட்டுமா தம்பி?" என்றாள் அண்ணி.

வெட்டு நேராக இருந்தது. ஆனால் அவள் இப்போது வெட்டைப் பார்க்கவில்லை. வெட்டுக்கு அப்பால், இலை இருந்திருக்க வேண்டிய வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் தலையைப் பிடித்து அந்த இடத்துக்கு நேராகக் குனிய வைத்தாள்.

தாள் எங்கும் மஞ்சள். இல்லாத இலை நுனியின் உருவத்தில் மட்டும் வெள்ளை. இத்தனை வருஷம் இலை படுத்து மறைத்திருந்த இடம், நேற்று வாங்கின தாள் மாதிரி இருந்தது. அண்ணி இன்னொரு இலையைக் காட்டினாள். அதில் நிஜமாகவே பூச்சி தின்ற ஓட்டை. ஓட்டைக்குள் தெரிந்த தாள் மற்ற இடத்தைப் போலவே பழுத்திருந்தது.

"பூச்சி தின்னு பல வருஷம் ஆச்சு" என்றாள் அண்ணி. "வெட்டினது சமீபத்துல. காத்தும் வெளிச்சமும் இந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரல."

சின்னவன் நிமிர்ந்தான். "அண்ணி, இது இலையோட காலடித்தடம். நீங்க அதுக்கு வயசு சொல்றீங்க."

பொறுப்பாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டி, கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். தன் அலமாரியில் கத்திரிக்கோல் நுழைந்தது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. சமீபத்தில் இந்தத் தாளைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தானாம். விதைகளைச் செடியோடு ஒப்பிட வேண்டும் என்று போன மழைக்காலத்தில் வந்தார். பெரிய விஞ்ஞானிதானே என்று தனியாக விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாராம் அம்மாள்.

"விதைக்காரரா?" என்றான் சின்னவன், வேறு பெயர் வராதா என்ற ஆசையில்.

அவரேதான்.

"கேட்டிருந்தா நானே வெட்டிக் கொடுத்திருப்பேனே" என்றார் அம்மாள். "திருட்டுத்தனம் எதுக்கு?"

"கேட்டிருந்தா, எதுக்குன்னு நீங்க கேட்டிருப்பீங்க" என்றாள் அண்ணி.

படிக்கட்டில் இறங்கும்போது அவள் சின்னவனை இயக்குநருக்குப் போன் போடச் சொன்னாள். ஒரே ஒரு கேள்வி. மணலில் வெளிச்சம் பட்டிருக்கும் என்று முதலில் சொன்னது யார்? இயக்குநர் அதற்கு முன்னால் பலகையின் எடையைச் சொன்னார். அதைத் தூக்கி மாட்ட எட்டு ஆள் வேண்டியிருந்ததைச் சொன்னார். சின்னவன் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியப்பட்டான். கடைசியில் பதில் வந்தது. சின்னவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவரேதானாம். வீட்டுக்காரரே வந்து, பாவம், வெளிச்சம் பட்டிருக்கும் சார்னு சொல்லும்போது நான் எப்படிச் சந்தேகப்படறதுன்னு கேட்கறாரு."

அண்ணி தலையாட்டினாள். அவளுக்குக் காலையிலேயே உறுத்தியதாம். விதைக்காரர் ஆள் யார் என்று கேட்டாரே தவிர, வெளிச்சம் வந்ததா என்று கேட்கவில்லை. கடை எப்படி எரிந்தது என்று கேட்காமல் பக்கத்துக் கடைக்காரனைப் பிடியுங்கள் என்று வருகிற முதலாளிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"மூணு மாசமா கேஸ் இல்ல" என்றான் சின்னவன். "வந்த ஒண்ணுல கேஸ் கொடுத்தவரையே பிடிச்சிட்டோம். நம்ம போர்டைக் கழற்றி பல் டாக்டர்கிட்டயே கொடுத்துடலாம். அவராவது வந்தவங்களைச் சிரிக்க வைப்பாரு."

*

அன்று சாயங்காலம் விதைக்காரர் வீட்டுக் கதவைத் திறந்தது மணல்காரிதான். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், தோளில் பை தொங்கியது. வெளிச்சத்தில் பார்க்கும்போது சின்னவன் நினைத்ததைவிட வயது குறைவாக இருந்தார். கூடத்தில் இரண்டு மேஜைகள், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. ஒன்றில் விதைகள் நிரம்பிய சின்னச் சின்னக் குப்பிகள். இன்னொன்று துடைத்துப்போட்ட மாதிரி இருந்தது. ஏற்கெனவே காலி செய்ய ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

விதைக்காரர் மண்டபத் திறப்பு விழாவில் பேசுவதைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஆவலோடு வந்தார்.

"டிரைவர்தானே?"

"டிரைவர் இல்ல சார். யாரும் இல்ல" என்றாள் அண்ணி. "வெளிச்சம் வரவே இல்ல."

அப்புறம் அவள் குரலை உயர்த்தாமல் மூன்றாவது மாடியில் பார்த்ததைச் சொன்னாள். மஞ்சள் தாளையும் வெள்ளை இடத்தையும் சொன்னாள். இயக்குநர் போனில் சொன்னதையும் சொன்னாள். விதைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எந்தத் தாள் என்றார். பிறகு, ஆராய்ச்சிக்காக எடுப்பதைத் திருட்டு என்று சொல்வது சரியில்லை என்றார். காலையில் கசங்காமல் இருந்த சட்டையின் கழுத்தை இரண்டு தடவை இழுத்து விட்டுக்கொண்டார்.

மணல்காரி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. செடிக்கு எங்கே போவது என்று கேட்டீர்களே என்று மட்டும் சொன்னார்.

"ஒரே ஒரு இலை" என்றார் விதைக்காரர். "ஒரே ஒரு சோதனை. ஒண்ணை வச்சுக்கிட்டு முடிவுக்கு வரக்கூடாது. அதனாலதான் சொல்லல."

"இன்னொரு இலை வெட்டியிருக்கலாமே. செடியில இன்னும் நிறைய இருந்ததாமே."

அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். அங்கே ஆதரவு இல்லை. சின்னவனின் பக்கம் திரும்பினார். அவன் விதைக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னைக் காப்பாத்தத்தானே நான் இவங்ககிட்ட போனேன்" என்றார் கடைசியில்.

"டிரைவரைப் பலி கொடுத்துட்டு."

கீழ் வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். பலகை ஏறிவிட்டது, அழைப்பு போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள் என்று விதைக்காரர் மெதுவாகச் சொன்னார். வாரா வாரம் தள்ளிப் போட்டாராம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று. அதற்குள் மணலின் முடிவு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து நின்றால் யார் தப்பு என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். மணல் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும் என்று நினைத்தார். வேலையே போகும் அளவுக்கு இயக்குநர் போவார் என்று நினைக்கவில்லை.

மணல்காரி கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் இருட்டில் மினுக்கலுக்காகக் காத்திருந்து பழகியவர், அவர் முடிக்கிறவரை காத்திருந்தார்.

"நாளைக்குக் குழு முன்னாடி நான் இதைத்தான் கேட்கப் போறேன்" என்றார். "அங்க சொல்றீங்களா, இங்க சொல்றீங்களா, உங்க இஷ்டம். எண்பது வருஷத்துக்கு முன்னாடி பறிச்ச அந்த இலைக்கு என்ன வயசு வந்தது?"

சின்னவனின் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டான்.

விதைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். தன் மேஜையைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"எட்டாயிரத்து நூறு வருஷம்" என்றார்.